அண்ணாச்சி கேட்ட பால்கனி சீட்டு

காலையில் எங்கள் சபாவின் பழைய மண்டபத்தில் ஒத்திகை. தவில்காரர் ஓங்கி ஒரு அடி அடித்ததும், கூரையிலிருந்து தேங்காய் அளவு காரை பெயர்ந்து பால்கனி நாற்காலியில் விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

"இதுக்குத்தானே கச்சேரி வச்சுப் பணம் பிரிக்கோம்" என்றார் செயலாளர்.

கூரையைப் பழுதுபார்க்க நிதி திரட்டும் கச்சேரி, அதே கூரைக்குக் கீழே. வேறு இடத்தில் வைக்கலாமே என்றேன்.

"மண்டபத்தக் கண்ணால பாத்தாத்தான் டீச்சர், குடுக்க மனசு வரும்."

மதியம், துறைமுகம் பக்கம் கயிறு, வலை விற்கிற அண்ணாச்சி கடைக்கு டிக்கெட் விற்கப் போனேன்.

"பழைய கட்டடமாச்சே. மேல உக்காந்தா பயமில்லையே?" என்று கேட்டார்.

"என்ன பயம் அண்ணாச்சி? நானும் எம்மவளும் பால்கனியிலதான் உக்காருதோம்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்போ உங்க பக்கத்துலயே எங்க வீட்டுக்கும் போடுங்க. பேரப்பிள்ளையளும் வாராவ."

டிக்கெட்டைக் குறுக்கே கிழித்துவிட்டு, வேறொன்று எடுத்துக் கொடுத்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஃபேன் லேசாகக் கிரீச்சிட்டாலே அண்ணாந்து பார்க்கிறேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டு, அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். விஷயம் வெளியே தெரிந்தால் கச்சேரிக்கு யாரும் வரமாட்டார்கள். மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். தெரியாவிட்டால், அந்தப் பிள்ளைகள் என் மகள் பக்கத்தில் உட்காருவார்கள்.

அண்ணாச்சி ஃபேஸ்புக்கில் இல்லை. அவர் மருமகள் இருக்கிறார். இந்தப் பதிவில் அவரை டேக் செய்ய யாருக்காவது தைரியம் இருக்கிறதா? எனக்கு இல்லை.