போன் மேல் ஒட்டிய அம்பு

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். தையல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒட்டிவிட்டால் அந்தப் பீஸைத் திரும்பத் தைக்க வேண்டும். பேச்சே கிடையாது.

பத்தாவது படிக்கும் மகளுக்கும் வீட்டில் அதே சட்டம்தான். அழுக்குப் போகாத காலர், பாதி கழுவிய குண்டா, எல்லாவற்றுக்கும் அம்பு உண்டு. போன வாரம் டியூஷன் டீச்சரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி மட்டம் போட்டாள். அவளையே டீச்சருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்ல வைத்தேன். அழுதுகொண்டே சொன்னாள்.

இன்று காலை சூப்பர்வைசர் அழைத்தார். "அக்கா, எங்க வந்துட்டிருக்கறீங்க?"

"பஸ் ஏறிட்டனுங்க, வேலம்பாளையம் தாண்டியாச்சுங்க" என்றேன். வாயில் பாதி இட்லி இருந்தது.

போனை வைத்ததும் மகள் என் பையிலிருந்து ஓர் அம்பை உரித்துப் போன் மேல் ஒட்டினாள்.

"ஏங்கண்ணு, இதுக்கெல்லாமா?"

"நான் காய்ச்சல்னு சொன்னதுக்கு மட்டும் ஏம்மா?"

சூப்பர்வைசரைத் திரும்ப அழைத்தேன். "பொய் சொல்லிட்டனுங்க சார். இன்னும் ஊட்லதான் இருக்கறனுங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"நானும் ஊட்லதானுங்கக்கா. உங்கள முன்னாடி போயி செக்ஷனத் தொறக்கச் சொல்லலாம்னுதான் கேட்டேன்."

அவருக்கு அம்பு ஒட்டும் தைரியம் எனக்கில்லை. ஒருநாள் மகளைத்தான் அழைத்துப் போக வேண்டும்.

இதை பஸ்ஸில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் கீழே ஓர் அம்பு ஒட்டிவிட்டுப் போங்கள்.