பலவேசம் ராக்கெட் பார்த்த கதை

குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில், சாரல் மாதங்களில், எண்ணெய்ப் புட்டிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலவேசத்துக்கு மட்டும் எப்போதும் நாலு பேர் காத்திருப்பார்கள். மதுரை வக்கீல்களும் கோவில்பட்டிப் பஞ்சு வியாபாரிகளும் இடுப்பில் துண்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்பதுபோல இருக்கும். ஆளைக் குப்புறப் போட்டு, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை ஓட்டி, கடைசியில் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். எழுந்து அருவிக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

புதிதாக வருகிறவர்கள் இந்தக் கைவாகு எங்கே வந்தது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

"பர்மாவுல படிச்சது. கழுதைக்குத் தேச்ச கை."

சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மறுநாள் அவர்களே திரும்பி வந்து வரிசையில் நிற்பார்கள்.

அவர் சொன்னது உண்மைதான். பண்பொழிக்காரரான பலவேசம் நாற்பத்திரண்டில் பாளையங்கோட்டைக்குப் போனது உழவு மாடு பார்க்க. பட்டாளத்தில் சேர அல்ல. ஓரிடத்தில் கூட்டமாக இருந்ததால் எட்டிப் பார்த்தார். மார்பை அளந்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள். மாட்டுக்குக்கூட நாம் இவ்வளவு பார்க்க மாட்டோமே என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "கால்நடை பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றார். அடுத்த வருஷம் பர்மாவுக்குப் போகும் அஸ்ஸாம் மலைச்சரிவில், முதுகில் குண்டுப் பெட்டி கட்டிய கோவேறு கழுதை ஒன்றின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றிருந்தார். ஜப்பான்காரன் காதில் விழக்கூடாதென்று அந்தக் கழுதைகளுக்குத் தொண்டையில் கத்தி வைத்துக் குரலை எடுத்திருந்தார்கள். சேற்றில் நாளெல்லாம் நடந்த அவற்றின் கால்களுக்குப் பொழுது சாயும்போது மருந்தெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். மூன்று வருஷம் தேய்த்ததில் கை தானாகப் படித்துக்கொண்டது.

நாற்பத்தாறில் ஒரு நட்சத்திர மெடலோடு ஊர் திரும்பினார். இரண்டு வருஷம் கழித்து முத்துவடிவைக் கட்டிக்கொண்டார். அவள் பார்த்தாள், மெடல் நல்ல கனமாக, பளபளவென்று இருந்தது. கண்ணேறு படாமலிருக்கப் பசுமாட்டின் கழுத்தில் கட்டிவிட்டாள். பசு நன்றாகக் கறந்ததால் அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டில் தென்காசியில் முன்னாள் படைவீரர் சங்கம் தொடங்கினார்கள். தலைவர், சுபேதார் நெல்லையப்பன். ஆப்பிரிக்க மணலில் நிஜமாகவே சண்டை போட்டவர். அதை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. காய்கறி வாங்கக்கூட மீசையை முறுக்கிக்கொண்டுதான் போவார். பலவேசம் உறுப்பினராகச் சேர விண்ணப்பத்தோடு போனபோது அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "ஏலே, இது சண்டை போட்டவனுக்குள்ள சங்கம். கழுதை மேய்ச்சவனுக்கு வேற எங்கனயாவது இருக்கும், போய்ப் பாரு" என்றார்.

பலவேசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கோபம் வந்தது முத்துவடிவுக்கு.

"இவரு மட்டும் என்ன, வாளைச் சுழட்டினாராமா? அவருக்குச் சோறும் குண்டும் சொமந்துட்டுப் போனது யாரு? கழுதைதான?"

"அவரு இருந்த ஊர்ல ஒட்டகமா இருக்கும்" என்றார் பலவேசம்.

சங்கத்தின் செயலாளர் கிதிர் முகம்மதுவுக்கும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. கடையநல்லூர் நெசவுக் குடும்பத்துக்காரர். யுத்தம் முழுக்க ஜபல்பூரில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து டைப் அடித்தவர். துப்பாக்கியை அவர் பக்கத்தில் பார்த்ததே ஊர்வலங்களில்தான். அவரைச் செயலாளராக வைத்துக்கொண்டு பலவேசத்தை வெளியே நிறுத்துவது என்ன நியாயம் என்று அவருக்கே புரியவில்லை.

அறுபத்தாறு ஆடியில் சங்கத்தார் குற்றாலத்தில் ஒரு பங்களாவை எடுத்துப் பெரிய சந்திப்பு நடத்தினார்கள். முதல் நாள் அருவிக் குளியல், விருந்து, சொற்பொழிவு. மறுநாள்தான் விசேஷம். திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கடற்கரையில் ராக்கெட் விடும் தளம் ஒன்று இருந்தது. சுபேதாரின் மருமகனுக்கு அங்கே ஒரு அதிகாரியைத் தெரியும். அவர் மூலம் சுபேதார் எழுதிக் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டார். முந்தின வருஷம்தான் பாகிஸ்தானோடு சண்டை முடிந்திருந்தது. ஆகவே அது ஏவுகணைத் தளமேதான் என்று சுபேதார் முடிவுகட்டிவிட்டார். ராக்கெட், காற்று மண்டல ஆராய்ச்சி என்று அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்ததெல்லாம் எதிரியை ஏமாற்றத்தானாம். விருந்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். கேட்டவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தபடி தூங்கினார்கள்.

அனுமதி கேட்ட கடிதத்தில் நாற்பது பேர் என்று கிதிர் முகம்மது டைப் அடித்திருந்தார். தலையை எண்ணினால் மனைவிமார்களையும் சேர்த்து முப்பத்தெட்டுதான் தேறியது. அவர் நேராகப் பலவேசத்தின் எண்ணெய்க் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ராணுவ சமாச்சாரம். தலை குறைஞ்சா சந்தேகப்படுவான். நீரும் மதினியும் வந்து ஏறிக்கிடும்."

"சுபேதார் ஏசுவாருவே."

"ஏசட்டும். அவருக்கு அதைவிட்டா என்ன வேலை?"

முத்துவடிவு அந்தப் பழைய பசுவின் பேத்தி கழுத்திலிருந்து மெடலை அவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்தாள். பசு அன்றைக்குப் பால் விடவில்லை.

விடியற்காலை பஸ் கிளம்பியது. சுபேதார் முன் இருக்கையில் ஐந்து மெடலோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பலவேசம் ஏறியதைப் பார்த்தார். மீசை மட்டும் அசைந்தது. செங்கோட்டை தாண்டி, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கேரளத்தில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த நேரம். இங்கிருந்து அரிசி கடத்திக்கொண்டு போகாதவனே இல்லை என்பதுபோல ஒவ்வொரு வண்டியையும் குடைந்துகொண்டிருந்தார்கள்.

"நாங்கள் நாட்டுக்காகப் போர் புரிந்தவர்கள்!" என்று சுபேதார் எழுந்து நின்று முழங்கினார். சாவடிக்காரர் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு அவருடைய படுக்கைச் சுருளை அவிழ்த்தார். மடியிலிருந்து பிள்ளை இறங்குவதுபோல நாலு படிப் பச்சரிசி இறங்கியது. புனலூரிலிருந்த மகளுக்கு என்று சுபேதாரின் சம்சாரம் அவருக்கே தெரியாமல் கட்டி வைத்தது. சுபேதார் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள். அரிசி அங்கேயே தங்கிவிட்டது. திருவனந்தபுரம் வரை நாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

தளம் என்று அவர்கள் போய் இறங்கியது ஒரு தென்னந்தோப்பு. நாலைந்து கொட்டகைகள், வலை காயப்போட்டிருந்த கடற்கரை, அவ்வளவுதான். சுற்றிக்காட்ட வந்தது சுகிர்தராஜ் என்ற நாகர்கோவில் இளைஞர். என்ஜினீயர். மீசை முளைத்தே ரொம்ப நாள் ஆகியிருக்காது போலிருந்தது. தூரத்தில் மணலில் சாய்வாக நிறுத்தியிருந்த ஒல்லியான குழாய் ஒன்றைக் காட்டி, அதுதான் ராக்கெட் என்றார். கமுகு மரத்தைப் பாதியாக வெட்டிச் சாத்தி வைத்ததுபோல இருந்தது.

சுபேதார் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நாங்க பட்டாளத்துக்காரங்க, எங்ககிட்டச் சொல்லலாம். இதை யாரு தலையில போடப் போறீங்க?"

"யாரு தலையிலும் இல்லை சார். மேல போய்ப் புகை விடும். காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பார்ப்போம். அப்புறம் கடல்ல விழுந்துரும்."

"காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பார்க்கவா?"

"ஆமா சார்."

"எங்க ஊர்ல ஆடி மாசம் வேட்டி பறக்கத வச்சே சொல்லிருவோம்" என்றாள் பின்னாலிருந்து முத்துவடிவு. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தராஜும் சிரித்தார். சுபேதார் மட்டும் கண்ணைச் சிமிட்டி, பையன் ரகசியம் காக்கிறான், நல்ல பயிற்சி என்று கிதிர் முகம்மதுவின் காதில் சொன்னார்.

ராக்கெட் விடும் நேரம் வந்தது. எல்லோரையும் ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். சுபேதார் தம் ஆட்களை இரண்டு வரிசையாக அணிவகுக்கச் செய்தார். கணை கிளம்பும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் சல்யூட் அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. பலவேசத்தை வரிசையில் சேர்க்கவில்லை. அவர் சுகிர்தராஜுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். சுபேதார் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஜீரோ என்றதும் ஒரு சத்தம் வந்தது. இடி இல்லை. தலைக்கு மேலே பெரிய சீலையை யாரோ ஒரே இழுப்பில் கிழித்ததுபோல ஒரு சத்தம். வெளிச்சம் ஒன்று வானத்தில் ஏறி மேகத்துக்குள் போய்விட்டது.

முத்துவடிவு வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தவள், திரும்பினால் ஆண்களைக் காணோம். இரண்டு வரிசையும் மணலில் குப்புறக் கிடந்தன. கைகள் தலைமேல், முகம் மணலில். சுபேதார் எல்லோருக்கும் முன்னால், முழங்கையை ஊன்றி, பள்ளம் தோண்டுகிறவர்போலக் கிடந்தார். ஜபல்பூரில் டைப் அடித்த கிதிர் முகம்மதுவும், மற்றவர்கள் விழுந்ததைப் பார்த்து, மரியாதைக்காக விழுந்திருந்தார். பெண்கள் அத்தனை பேரும் நின்றபடியே இருந்தார்கள்.

ஆண்களில் நின்றது பலவேசம் ஒருவர்தான். அவரும் சும்மா நிற்கவில்லை. இடதுகை சுகிர்தராஜின் இடுப்பு பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தது. வலதுகை அவர் பிடரியை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தது. கண் எங்கேயோ இருந்தது.

"ஒண்ணுமில்லடா ராஜா... ஒண்ணுமில்ல... நில்லு, நில்லு..."

"சார்" என்றார் சுகிர்தராஜ் மெதுவாக. "ராக்கெட் போயாச்சு சார். விட்டுருங்க சார்."

பலவேசம் கையை எடுத்தார். அவர் அவ்வளவு வெட்கப்பட்டு முத்துவடிவு பார்த்ததே இல்லை. அவளுக்கு வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சிரிப்பு மற்றவர்களிடம் தொடங்கியது. எழுந்து மணலைத் துப்பினவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுபேதார் மட்டும் எழவில்லை. எழ முடியவில்லை. விழுந்த வேகத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது.

நாலு பேர் தூக்கி வந்து பஸ்ஸின் பின் இருக்கையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். பலவேசம் கேட்காமலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையை மேலே தூக்கிவிட்டு, கட்டைவிரலை வைத்தார். எண்ணெய் இல்லை. ஒரு அம்மாள் கூந்தலுக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கொடுத்தாள். நெடுமங்காடு தாண்டும் வரை சுபேதார் போட்ட சத்தத்துக்கு டிரைவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்திப் பார்த்தார். பிறகு சத்தம் அடங்கிவிட்டது.

அப்போதுதான் கிதிர் முகம்மது கேட்டார். "அண்ணாச்சி, நாங்கள்லாம் விழுந்தோம். நீரு எப்படிவே நின்னீரு?"

பலவேசம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "விழக்கூடாதுன்னு உத்தரவு. மத்தவங்க பிளேன் சத்தம் கேட்டா குழியில பாஞ்சிருவாங்க. கழுதைக்காரன் பாஞ்சா கழுதை ஓடிரும். முதுகுல குண்டுப்பெட்டி இருக்கும். அதனால பிடிச்சுக்கிட்டு நிக்கணும். தடவிக் குடுத்துக்கிட்டு, பேசிக்கிட்டு. குரல் எடுத்த கழுதை பாரும், பயந்தாலும் கத்தாது. தோல் மட்டும் நடுங்கும், கையில தெரியும்."

"எத்தனை தடவைவே நின்னிருப்பீரு?"

"யாரு எண்ணினா? ஒரு தடவை தடவிக்கிட்டே இருந்தேன். தோல் நடுக்கம் நின்னுட்டு. சமாதானமாயிட்டுன்னு நெனச்சேன். செத்துப் போயிருந்தது. நின்னபடியே."

பலவேசத்தின் கட்டைவிரல் முதுகில் ஓடிக்கொண்டே இருந்தது. இருக்கையில் முகம் புதைந்திருந்த சுபேதாரின் குரல் வந்தது.

"ஏய் பாய். அந்த விண்ணப்பம் இருக்காவே?"

"எது?"

"எதுன்னு உமக்குத் தெரியும். எடுத்து வையும். நாளைக்குக் கையெழுத்துப் போடுதேன்." பிறகு, "கொஞ்சம் இடப்பக்கம், பலவேசம். அங்கனதான். ஆ, மெதுவாடே!"

"மெதுவா எதுக்கு?" என்றாள் முன்னாலிருந்து முத்துவடிவு. "எட்டு வருசப் பிடிப்பு. நல்லா அழுத்தித் தேயுங்க."

சுபேதாரின் சம்சாரம்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.

உறுப்பினர் அட்டை பதினைந்து நாளில் வந்தது, புகைப்படம் ஒட்டி, முத்திரை குத்தி. அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பலவேசம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். மூன்று மணி நேரம். மனு ஒன்றை மாவட்டத்துக்கு அனுப்புவதா, மாகாணத்துக்கு அனுப்புவதா என்று இரண்டு மணி நேரம் சண்டை; மீதி நேரம் சுபேதாரின் ஆப்பிரிக்கா. டீ ஆறிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து, "இதுக்கா எட்டு வருசம் ஏங்கினோம்?" என்றார்.

"நீங்க எங்க ஏங்கினிய? நான்தான ஏங்கினேன்" என்றாள் முத்துவடிவு.

அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்குப் போனதில்லை. கூட்டம் அவரிடம் வந்தது. சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிப் பாதையில், எண்ணெய் மினுங்க, மாஜி ஹவில்தார்களும் நாயக்குகளும் துண்டோடு உட்கார்ந்து அரசாங்கத்தை ஏசிக்கொண்டிருப்பார்கள். சுபேதார் வியாழக்கிழமைகளில் வருவார். அவர் வந்தால் வரிசையில் முன்னால் விட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். பலவேசம் விடமாட்டார்.