ஏறாவூர் ‘வராது’

ஏறாவூரில் தண்ணீர் மோட்டார் திருத்தும் றுஸ்திக்கு மனிதர்களோடு பேசுவதில் அவ்வளவு விருப்பம் இல்லை. கடையைப் பூட்டியதும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். அங்கே நாற்பது பந்தயப் புறாக்கள். வவுனியாவில் கூடையைத் திறந்துவிட்டால் இரண்டு மணித்தியாலத்தில் வீடு வந்துசேரும் பறவைகள். பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சோடி சேர்த்து எடுத்த பரம்பரை அது.

2018இல் மட்டக்களப்பில் நடந்த புறாக் கண்காட்சிக்கு முதன்முதலாக ஒரு பதாகை அடிக்க நினைத்தார். வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்தார்: ‘றுஸ்தியின் புறாக்கள். எங்கே விட்டாலும் திரும்பி வராமல் இருக்காது.’ அச்சகம் வைத்திருந்த நிதுர்ஷனுக்கு வரி நீளமாகப் பட்டது. சுருக்கிவிட்டார். ‘எங்கே விட்டாலும் திரும்பி வராது.’

மண்டபத்தில் அதைக் கட்டி முடித்தபோது பின்னால் ஒரே சிரிப்பு. றுஸ்தி நிமிர்ந்து வாசித்தார். அவிழ்த்து இறக்குவதற்குள் பத்துப் பேர் படம் எடுத்துவிட்டார்கள்.

அச்சகத்துக்குப் போனபோது நிதுர்ஷன் ரோல்ஸ் மென்றுகொண்டிருந்தார்.

“ரெண்டு தரம் இல்ல இல்ல எண்டு எழுதினா ஆருக்கு விளங்கும், நானா?” என்றார் அண்ணன் முறை வைத்து. வாயிலிருந்து துணுக்குகள் மேசையில் விழுந்தன. றுஸ்தி மேசையை விட்டுத் தள்ளி நின்றார். அப்படியே வெளியே வந்துவிட்டார்.

அடுத்த வருடம் வவுனியாப் பந்தயத்தில் அவருடைய சாம்பல் பெட்டைதான் முதலாவது. பரிசளிப்பில் புறா வளர்ப்போர் சங்கத் தலைவர் சாமித்தம்பி ஒலிவாங்கியைப் பிடித்து, “திரும்பி வராத புறா எல்லாத்துக்கும் முதல் திரும்பி வந்திட்டு” என்றார். மண்டபம் உருண்டு சிரித்தது. றுஸ்தி கிண்ணத்தை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

“நீங்களும் சிரிச்சிட்டு விடுங்களன்” என்றாள் மனைவி அஸீமா.

“அந்தப் பல்லுகளப் பாக்கவே அருவருப்பா இருக்கு. நான் இனிச் சங்கத்துக்குப் போமாட்டன்.”

அவர் போகவில்லை. பகிடி மட்டும் ஓயவில்லை. கூட்டத்துக்குப் பிந்தி வருகிறவன் ‘வராது’. கட்டாருக்குப் போய் ஊரை மறந்தவனும் ‘வராது’. கைப்பேசிகளில் அந்தப் பதாகை வருடா வருடம் சுற்றியது.

போன வருடம் மோட்டார்ச் சாமான் வாங்க வாழைச்சேனைக்குப் போனார். சந்தை வாசலில் ஒருவன் கூடையில் புறா வைத்து விற்றுக்கொண்டிருந்தான்.

“அசல் ‘ஏறாவூர் வராது’, காக்கா. நல்ல சாதி” என்றான், அவனும் அண்ணன் முறை வைத்து.

றுஸ்தி ஒன்றைக் கையில் எடுத்தார். நெஞ்செலும்பு துருத்தி நின்றது. மூக்கில் சளி, வால் முழுக்கக் காய்ந்த எச்சம்.

“ஏன் ‘வராது’ எண்டு பேர்?”

“வெளிநாட்டுச் சாதி காக்கா. வளத்த வீட்ட விட்டுப் போக அதுக்கு மனசு வராது. அதான்.”

“அது என்ட புறாவுக்குப் பிழையா அடிச்ச பேர்.”

“வாற எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க” என்று அவன் அடுத்தவரிடம் திரும்பினான்.

அந்தப் பொய்யிலும் அழுக்கிலும் நிற்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் பறவையை மறுபடி அந்தக் கூடைக்குள் போடக் கை போகவில்லை. வாங்கிக்கொண்டார். வீட்டில் தன்னுடைய புறாக்களை அண்டாமல் கிணற்றடியில் தனிப்பெட்டியில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் வாலைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தும் நாற்றம் விடவில்லை.

அஸீமா எட்டிப் பார்த்தாள். “இது என்ன சாதி?”

“நோய்ச் சாதி” என்றார் றுஸ்தி. “மருந்து கரைக்க ஒரு கோப்பை தா.”