இருபத்தைந்து அச்சு முறுக்கு

தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் செங்காங்கில் எங்கள் வீட்டுக்குள் நடக்க இடமிருக்காது. கூடம் முழுக்கச் சிவப்பு மூடி பாட்டில்கள். அம்மா அச்சு முறுக்கு சுட்டு, பாட்டில் பத்து வெள்ளிக்கு விற்பார். அந்த லாபத்தில் தமக்கென்று ஒரு புடவை எடுப்பார். அப்பாவிடம் கேட்காமல் ஆண்டுக்கு ஒருமுறை அவர் வாங்குவது அது ஒன்றுதான்.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டில் விலைவாசி அம்மாவை முந்திக்கொண்டது. நாற்பது பாட்டிலுக்குப் பழைய விலையில் ஆர்டர் வாங்கிய பிறகு முட்டை ஏறியது, எண்ணெய் ஏறியது, தேங்காய்ப்பாலும் சும்மா இருக்கவில்லை. சிராங்கூன் ரோட்டுக் கடையிலிருந்து வந்ததும் அம்மா பில்லையே பார்த்துக்கொண்டு நிற்பார். போன வருடம் இதே பணத்துக்கு இரண்டு பை சாமான் வந்ததே என்பார். ஆனால் சொன்ன விலையை மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பாட்டிலில் அடுக்குவது என் வேலை. ஒன்றின் மேல் ஒன்று பதிந்து உட்காரும்படி, உடையாமல் இருபத்தைந்தை அடக்கிவிடுவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். அந்த முறை அம்மா, "நெருக்கி அடுக்காதம்மா, உடைஞ்சிடும். இருபது போதும்," என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கையில் என்றைக்கு உடைந்தது?

சுட்டு முடித்த அலுப்பில் அம்மா கண்ணயர்ந்த மதியம், பாட்டிலுக்கு இருபத்தைந்தாக அடுக்கி, மூடியைச் சுற்றி டேப்பும் ஒட்டினேன். முப்பத்திரண்டு பாட்டிலோடு முறுக்கு தீர்ந்துவிட்டது. அம்மாவை எழுப்பி, "எட்டு பாட்டிலுக்குப் பத்தலம்மா. நீங்க கம்மியா சுட்டுட்டீங்க," என்று புகார் சொன்னேன்.

அம்மா பாட்டில்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றை எடுத்து டேப்பைப் பிரிக்கப் போனார். அந்நேரம் பார்த்து எதிர்வீட்டு ஆண்ட்டி தம்முடைய நான்கு பாட்டிலை வாங்க வந்தார். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எல்லா இடத்துலயும் முறுக்கைக் கம்மி பண்ணிட்டாங்க லா. நீங்க மட்டும்தான் அப்படியே வச்சிருக்கீங்க."

அம்மாவின் விரல் டேப்பை விட்டது. "பிள்ளை அடுக்கினது," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மாலையே மறுபடி மாவு கரைத்து, மீதி எட்டு பாட்டிலுக்கும் சுட்டார். திட்டவில்லை. முதல் முறுக்கை ஊதி ஆற்றி என்னிடம்தான் தந்தார்.

தீபாவளியன்று எனக்குப் புதுப் பாவாடை. அம்மா போன வருடத்து மாம்பழ நிறப் புடவையைக் கட்டியிருந்தார். ஏன் பழசு என்று கேட்டேன்.

"இந்தக் கலர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

பிடித்ததை இரண்டு வருடம் கட்டினால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் கடைகடையாக அலைந்து அதே மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்தேன். பிரித்துப் பார்த்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இந்தக் கலர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்த வருஷம் புதுசு எடுக்கக் காசு இல்ல, அதான் அப்படிச் சொன்னேன்."

பாட்டிலுக்கு ஐந்து ஐந்தாக நான் கூடுதலாய் அடுக்கியது அம்மாவின் புடவையை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் கோயிலுக்கு நான் எடுத்த புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தார்.