பாட்டிலிருந்து வெட்டிய வரி

ஊதாப் பூப்போட்ட அந்தக் குடையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். மாத்தளைக் கடையொன்றில் பத்துக் குடைகளை விரித்துப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தாள். மூன்று மாதம் கழித்து, இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டில் அதே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடைக்குள்ளே எங்கள் இசைக்குழுவின் பாடகர் அண்ணன். அவர் நனையக்கூடாதென்று தன் ஒரு தோளை மழைக்கு விட்டிருந்தாள். எனக்கு அவள் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. இன்றைக்கும் என்னை எரிப்பது அந்த நனைந்த தோள்தான்.

கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் அண்ணன் முன்னால் நின்று பாடுவார், நான் பின்னால் ஓர்கன் வாசிப்பேன். கல்லும் கரையும் குரல். மனிதரும் நல்லவர். நானும் அவளும் இரண்டு வருடம் ஊருக்குத் தெரியாமல் பழகியதால் அவருக்கும் அது தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் வைதாவது ஆறியிருப்பேன்.

அந்த வருடம் குழுவுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு வேண்டுமென்று பேச்சு வந்தது. ஏமாற்றிவிட்டுப் போனவளைப் பற்றி நான் கொப்பியில் எழுதி வைத்திருந்ததை அண்ணனிடம் கொடுத்தேன். யார் எழுதியதென்று யாரிடமும் சொல்லக்கூடாதென்று வாக்கு வாங்கிக்கொண்டேன். ஏமாந்தவன் என்று ஊரில் பெயரெடுக்க எனக்கு வெட்கம். அவள் அடையாளம் கண்டுவிடுவாள் என்று ஒரேயொரு வரியை மட்டும் வெட்டினேன்: 'நான் தந்த குடையின் கீழே நனையாமல் நிற்பவன் யாரோ.' அந்த இடத்தில் நிலா, மேகம் என்று எதையோ போட்டு நிரப்பினேன்.

பாட்டு பிடித்துக்கொண்டது. பஸ்ஸெல்லாம் அதுதான். "பாவம்ண்ணே நீங்க, எவளோ நல்லா ஏமாத்திட்டா" என்று கண்டக்டர்கள் அண்ணனுக்கு ஆறுதல் சொல்வார்கள். அவர் சிரித்து மழுப்புவார். ஊரார் கோழியை அறுத்து உம்மா பேரில் கத்தம் ஓதிய கதைதான்: பொருள் ஒருவருடையது, புண்ணியம் இன்னொருவருக்கு. காதலியைக் கொண்டுபோனார், போகட்டும். என் துக்கமும் அவருடையதாகிவிட்டதே!

வாக்கை மட்டும் அவர் காப்பாற்றினார். அவளைக் கல்யாணம் செய்த பிறகு அவளிடம்கூடச் சொல்லவில்லை.

போன மாதம் யட்டவத்தையில் ஒரு கல்யாண வீடு. வழக்கம்போல அந்தப் பாட்டையும் கேட்டார்கள், பாடி முடித்தோம். மழை விடட்டும் என்று மண்டபத்து வாசலில் நின்றிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து, "அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றாள். அண்ணே!

"அவரு பாடுற அந்தப் பொண்ணு யாரு? எத்தனையோ தடவை கேட்டுட்டேன். சும்மா பாட்டுதாங்கிறாரு. சும்மா பாட்ட அப்படிப் பாட முடியுமா? கூடவே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காது."

கண்கள் சிவந்திருந்தன. பாவி, தன்மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

வெட்டிய வரி நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் விளங்கியிருக்கும். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கியும் இருப்பாள். அவள் நிம்மதியாகத் தூங்குவதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரியும்" என்றேன். "மறக்கிற மாதிரிப் பொண்ணு இல்ல அது."

அவள் முகம் சுண்டிப்போனது. குடையை விரித்தாள். அதே குடை. ஊதாப் பூக்கள் வெளுத்து, ஒரு கம்பி வளைந்திருந்தது. படிக்கட்டில் அண்ணன் குடைக்காகக் காத்து நின்றார். அவரைத் தாண்டி, இரண்டு தோளும் நனையாமல், அவள் தனியாக வேனுக்கு நடந்தாள்.