பைக் செயின்

நீட்டில் இரண்டு முறை மண்ணைக் கவ்விய பிறகு, வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போடுவதென்று வீட்டில் முடிவானது. கல்லூரியில் மதிப்பெண்ணோடு இன்னொன்றும் கேட்டார்கள்: ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் தொண்டு செய்ததற்கு ஒரு கடிதம். தொண்டாம் தொண்டு! கடிதத்துக்காகத்தான் போனேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, ஒரகடம் சாலையில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்வந்தேன்.

என் கையெழுத்து அழகாக இருந்தது, அதுதான் வினை. அவசரப் பிரிவின் விபத்துப் பதிவேட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர், வயது, எப்படி அடிபட்டது. நான் எழுதுவேன், டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம், கம்பெனி வேனில் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். என் வயதுதான் இருக்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆள். சுற்றியிருந்த துணியைப் பிரித்த நர்ஸ் அக்கா, "ஐயோ சாமி" என்றார். வலது கையில் மூன்று விரல் இல்லை.

எப்படி ஆச்சு என்று கேட்டேன்.

"தகடு அடிக்கிற பிரஸ் மெஷின்ல மாட்டிக்கிட்டுக்கா. கை உள்ள போனா மெஷின நிறுத்துற சென்சார் வேலை செய்யலன்னு காலையிலயே சொன்னேன், யாரும் கேக்கல."

எழுதப் போனேன். கூட வந்த சூப்பர்வைசர் பதிவேட்டின்மேல் கையை வைத்தார்.

"இன்னாம்மா எழுதற? பைக் செயின்ல கை மாட்டிக்கினுச்சுன்னு எழுது."

அப்படி எழுதுவதுதான் அங்கே வழக்கம். பிரஸ் என்று எழுதினால் கம்பெனி கேட்டில் இருக்கும் 'விபத்தில்லா நாட்கள்' போர்டு பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். விசாரணைக்கு ஆள் வரும். கம்பெனியும் அடுத்த கேஸை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். முழுப் பூசணிக்காயை மறைக்க என் பதிவேடுதான் சோறு.

நர்ஸ் அக்காவைப் பார்த்தேன். "அவுங்க சொல்றத எழுதிட்டுப் போம்மா. உனக்கு இன்னும் ஒரு மாசம்தானே? எதுக்கு வம்பு?" என்றார். எழுதினேன். அவனிடம் பைக்கே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

மூன்று வாரம் கழித்துக் கையில் கட்டோடு வந்தான். வேலை போயிருந்தது. வேலையில் அடிபட்டது என்று ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ.யில் ஊனத்துக்கு உதவி கிடைக்குமாம். பதிவைத் திருத்தித் தரச்சொல்லி மனு கொடுத்திருந்தான். நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். என் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

"அக்கா, நான் பிரஸ்னுதான சொன்னேன்? நீங்கதான எழுதுனீங்க? சார்கிட்ட சொல்லுங்கக்கா," என்றான்.

"சொல்லும்மா, அவர் என்ன சொன்னார்?" என்றார் அதிகாரி.

"பைக்னுதான் சார் சொன்னாரு."

பாவி, நான்தான் சொன்னேன். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கத்துவான், நாசமாய்ப் போ என்பான் என்று காத்திருந்தேன். "சரிக்கா. ஒங்களுக்கும் என்ன கட்டாயமோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கடிதம் வந்தது, சீட்டும் கிடைத்தது. படித்து முடித்துத் திரும்பி வந்து இப்போது இங்கே வேறொரு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருக்கிறேன். காயத்தோடு வருகிறவர்களிடம் அதே வாயை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: "பயப்படாதீங்க, நடந்தத அப்படியே என்கிட்ட சொல்லுங்க."