டொபிப் போத்தலுக்குள் ஒரு பல்ப்

எங்கள் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் இந்த வரிசை வீடுகளில், ‘கரண்ட்’ ஏழுமலை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் மோட்டார், வயர், சுவிட்ச் எல்லாம் அவர் பொறுப்பு. யார் வீட்டில் பியூஸ் போனாலும் கூப்பிடாமலே வந்துவிடுவார். வேலையைச் செய்துகொண்டே திட்டவும் திட்டுவார். போன தீபாவளிக்கு என் வீட்டு ஹோல்டரைப் பார்த்துவிட்டு, “இத மாட்டுனவன் கைய ஒடிக்கணும்” என்றார். மாட்டியது அவரேதான். அதை நான் ஞாபகப்படுத்தியதும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

இவ்வளவு ரோஷக்காரரை நாலு பல்புகள் படுத்தி வைத்த பாட்டைத்தான் சொல்ல வருகிறேன். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் எனக்கும் இதில் பங்கு உண்டு, குற்றவாளியாக.

அவருடைய மகள் நிலுஷா டுபாயில் பொதி கட்டும் இடமொன்றில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் பேசலாம். பேசினாலும் ஐந்தாவது நிமிடம் தாயும் மகளும் அழத் தொடங்கிவிடுவார்கள். போன வருடம் லீவில் வந்தவள் பெல்மதுளையில் பஸ்லான் கடைக்குப் போய் ஒரு ஸ்மார்ட் பல்ப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அங்கே நாலரை மணிக்குத் தேத்தண்ணி இடைவேளை. அப்போது அவள் போனில் ஒரு தட்டுத் தட்டினால், இன்டர்நெட் வழியாக இங்கே ஆறு மணிக்குக் காம்பராவில் மஞ்சள் வெளிச்சம் வரும். ஏழுமலையின் மனைவி விஜயகலா அதை இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுத்தான் சோற்றுப் பானையைத் திறப்பாள். சில நாள் பச்சையாக எரியும். “இன்னைக்கு நல்லா சாப்புட்டிருக்கா” என்பாள். அது எப்படித் தெரியும் என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

மழை பெய்த மாலைகளில் ஈசல் அந்த பல்பைத் தேடி வந்தது. சோற்றில் விழுந்தது, குழம்பில் மிதந்தது. தட்டில் ஒரு ஈசல் விழுந்தாலும் ஏழுமலை லயமே அதிரக் கத்துவார். போதாததற்கு அடுப்புப் புகையும் கண்ணாடியில் கரியாகப் படிந்தது. மகள் வாங்கிக் கொடுத்த பொருளல்லவா, ஏழுமலை சும்மா இருப்பாரா? கடையில் டொபி, மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றைத் தேடிப் பிடித்தார். மூடியில் ஹோல்டரைப் பொருத்தி, பல்பை உள்ளே விட்டு, போத்தலோடு தொங்கவிட்டார். லயமே வந்து பார்த்தது.

அந்த பல்ப் நாலு மாதம்தான் எரிந்தது. இரண்டு வருட உத்தரவாதம் இருந்ததால் பஸ்லான் ஒன்றும் பேசாமல் வேறொன்று கொடுத்தான். எறும்பு போயிருக்கும் என்று ஏழுமலை மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். இரண்டாவது இரண்டே மாதத்தில் போனது. பூச்சி மூச்சுவிடக்கூட இடம் இருக்கக்கூடாது என்று சிலிக்கன் பூசினார். மூன்றாவது மூன்று வாரம்.

இரண்டாவது பல்ப் போவதற்கு முதல் நாள் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “எவ்வளவு அழகா எரியுது” என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் அது போனதும் விஜயகலா மிளகாயும் உப்பும் எடுத்து பல்பைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லையாம், ஆகவே என் கண் பட்டது உறுதியாம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருமி இருமிச் செத்தேன்.

மூன்றாவது போனதும் ஏழுமலை கடைக்குப் போய் ஆடித் தீர்த்துவிட்டார். “அண்ணே, இத எங்க மாட்டியிருக்கீங்க?” என்றுதான் பஸ்லான் கேட்டான். “பெக்டரியவே ஓட்டுறவன் நானு. எனக்கு நீ பாடம் எடுக்கிறியா?” என்று கத்தினாராம். கடையில் நின்ற சிங்களவர்களுக்கும் விளங்கட்டும் என்று, “மேவா ஒக்கம ஹொர படு!” என்றும் சேர்த்துக்கொண்டாராம். எல்லாம் போலிச் சாமான் என்று ஊரைக் கூட்டிச் சொன்னால் எந்த வியாபாரிதான் பொறுப்பான்? நாலாவது பல்பைக் கையில் கொடுத்து, “இதுதான் கடைசி. இனி இந்தப் பக்கம் வராதீங்க” என்று அனுப்பிவிட்டான்.

அந்த நாலாவது, பத்தாம் நாள், சனிக்கிழமை ஆறு மணிக்கு எரிந்தது, ஏழு மணிக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது. இப்படியே கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

“ஐயோ, ஏங்க, புள்ள என்னமோ சொல்றா! அவளுக்கு ஏதோ ஆயிருச்சு!” என்று விஜயகலா போட்ட சத்தத்தில் நானும் ஓடினேன். சாமி விளக்கை ஏற்றப் போனவள், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, போத்தல் மூடியின் மேலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தாள்.

“அத எதுக்கு அங்க வச்ச?” என்றார் ஏழுமலை.

“எங்க வச்சாலும் நமுத்துப் போகுது. இங்க வச்சாத்தான் நல்லா காயுது. அடுப்பு மாதிரி சூடு.”

“எப்ப இருந்து?”

“மொத பல்புல இருந்தேதாங்க.”

ஏழுமலை ஸ்டூலில் ஏறி மூடியைத் தொட்டார். தொட்ட கையை உதறினார். பெக்டரி மோட்டாரின் மேல் யாராவது ஒரு சாக்கைப் போட்டுவிட்டால் போதும், “காத்து போக வழியில்லன்னா உள்ளுக்குள்ளயே வெந்து செத்துரும்டா” என்று குதிப்பவர் அவர். பல்பின் கழுத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னச் சாமான்களும் அப்படித்தான் வெந்திருக்கின்றன. அவர் இறுக்கி மூட மூட, சீக்கிரமாக வெந்திருக்கின்றன.

நான் விடவில்லை. “அப்ப என் கண்ணுக்குச் சுத்திப் போட்ட மொளகா?” என்று கேட்டேன்.

அவர் சிலிக்கனைக் கத்தியால் சுரண்டி, போத்தலைக் கழற்றி, பல்பை வெறுமனே தொங்கவிட்டு, போத்தலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “முறுக்கு போட்டு வச்சுக்க அழகம்மா” என்றார். அவர் வாயிலிருந்து மன்னிப்பு இந்த அளவுக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் பெல்மதுளைக்குப் போனார். அன்றும் கடையில் ஆட்கள் நின்றார்களாம். “தம்பி, ஒன் பல்புல கொற இல்ல. நான்தான் போத்தல்ல அடைச்சு அவிச்சுப்புட்டேன்” என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லியிருக்கிறார். பஸ்லான் சிரித்துவிட்டு, “இப்ப எரியுதா?” என்று கேட்டானாம்.

“ஆறு மணிக்குத்தான் தெரியும்.”

சுவிட்சைப் போட்டுப் பார்த்திருக்கலாம். விஜயகலா விடவில்லை. எரிந்தால் மகள் கையால்தான் எரிய வேண்டுமாம்.

அன்று மாலை மழை விட்டதும் நானும் போய் உட்கார்ந்தேன். ஆறு அடித்தது. ஒன்றுமில்லை. ஆறு இரண்டு. விஜயகலா சோற்றுப் பானையைத் தொடாமல் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மூன்றுக்கு மஞ்சள் வெளிச்சம் வந்தது. சிமிட்டவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது, ஆனால் அழகாக எரிகிறது என்று மட்டும் நான் சொல்லவில்லை.

விஜயகலா கும்பிட்டுவிட்டுச் சோறு போட்டாள். அதற்குள் ஈசல் வந்துவிட்டது. பல்பைச் சுற்றிப் பறந்து, சிறகை உதிர்த்து, ஏழுமலையின் தட்டிலேயே பொத்துப் பொத்தென்று விழுந்தது. ஒரு ஈசலுக்காக லயத்தையே இரண்டாக்கியவர் அவர். என்ன சொல்லப் போகிறாரோ என்று விஜயகலா பயந்துபோய், “லைட்ட நிப்பாட்டிட்டு விளக்கு வச்சுக்கிருவோமாங்க?” என்று கேட்டாள்.

“சும்மா இரு. எரியட்டும்” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சிறகாகப் பொறுக்கிப் போட்டுப் போட்டு அவர் சாப்பிட்டார்.